மிஸ்டர் லிம்முக்குக் காட்டிய கொழும்பு

பந்தயம் கிடையாது என்று சொல்லிவிட்ட ஊருக்குப் பந்தயத்துக்காகவே போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"ஏனுங்க, ரேஸே இல்லைன்னுட்டாங்களே. அப்புறம் எதுக்குங்க அங்க?" என்று கேட்டாள் என் மனைவி. குண்டு வெடிக்கிற ஊருக்கு என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெட்டியில் துணி அடுக்கிய வேகத்தில் தெரிந்தது.

விஷயம் இதுதான். ஆசிய நாடுகளைச் சுற்றிவரும் ஒரு கார் பந்தயத் தொடர், இலங்கையில் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த காலத்தில் அங்கேயும் வந்தது. கொழும்புக்குத் தெற்கே, கல்கிசையெல்லாம் தாண்டிப் போனால் ஒரு பழைய விமான ஓடுபாதை. அதில்தான் பந்தயம். கோவையில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எனக்கு அது திருவிழா மாதிரி. கடையை அடைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. அடுத்த வருடத்துக்கான அட்டவணை வந்தபோது மலேசியா முடிந்தவுடன் தாய்லாந்து. நடுவில் இருந்த இலங்கையைக் காணோம். ஒரு காரணம் இல்லை, ஒரு வருத்தம் இல்லை. எங்கள் பக்கத்தில் நிச்சயம் செய்த கல்யாணம் தள்ளிப் போனால்கூட வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

எனக்கே இப்படி என்றால் யோகனுக்கு எப்படி இருந்திருக்கும்! யோகநாதன் பந்தய வளைவில் கொடியோடு நிற்பவர். முன்னால் ஆபத்து என்றால் மஞ்சள் கொடி, பந்தயத்தை நிறுத்த வேண்டும் என்றால் சிவப்புக் கொடி. கொடிக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். முதல் தடவை நான் போனபோது வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தேன் என்று என்னை ஊரே கேட்கும்படி திட்டினார். மத்தியானம் தன் சாப்பாட்டுப் பொதியில் பாதியைக் கொடுத்தார். அதிலிருந்து நட்பு.

அட்டவணை வந்ததும் அவரும் அவருடைய ஆட்களும் தொடரின் அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். ஒருநாள் எனக்குக் கூப்பிட்டார். "அண்ணை, சத்தம் போட்டதுக்குப் பலன் கிடைச்சிருக்கு. ஒரு ஆளை அனுப்புவினமாம். கடைசியா ஒருக்கா வந்து பாத்திட்டு முடிவு சொல்லுவினம். நீங்களும் வாங்கோ. வெளிநாட்டு ரசிகர் ஒருத்தர் பயமில்லாமல் வந்து நிக்கிறார் எண்டால் அது பெரிய சாட்சியெல்லோ?"

பயமில்லாத சாட்சி! தீபாவளிக்கு லட்சுமி வெடி வைக்கும்போதே வீட்டுக்குள் போய்விடுகிற ஆள் நான். ஆனாலும் போனேன்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒரு மாடிக் குடியிருப்பில் யோகனும் அவர் மனைவி வசந்தியும் இருந்தார்கள். முதல் வேலையாகப் பொலிசுக்குப் போய் நான் வந்து தங்கியிருப்பதைப் பதிந்துவிட்டு வந்தோம். "இஞ்சை விருந்தாளி வந்தால் முதல் அங்கைதான், பிறகுதான் தேத்தண்ணி" என்றார் யோகன். திரும்பி வந்ததும் வசந்தி இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தார். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான். இங்கே சொதியை ஊற்றி, அதன்மேல் சம்பலைத் தூவி, அதற்கும்மேல் மீன்குழம்பு. கணக்கில்லாமல் சாப்பிட்டேன். பயத்தில் எனக்குப் பசி கூடும்.

சாப்பிடும்போது வசந்தி விஷயத்தைப் போட்டு உடைத்தார். மகள் டொரண்டோவில் இருக்கிறாள். இருவரையும் கூப்பிட்டுக்கொள்ள எல்லாம் தயார், இவர் கையெழுத்து வைப்பதுதான் பாக்கி. மேல்மாடிப் பெடியனைப் போன மாதம் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போய்ச் சில நாள் கழித்துத்தான் விட்டார்களாம். அதிலிருந்து மகள் தினமும் போனில் அழுகிறாள்.

"ரேஸ் வந்தால் இருப்பம். வராட்டிக் கையெழுத்து வைக்கிறன், போவம்" என்றார் யோகன். "அதுதான் கதை. பிள்ளைக்கும் சொல்லிட்டன்."

"அப்படியென்றால் உங்களுக்கு ரேஸ் வராமல் இருப்பதுதானே நல்லது?" என்று வசந்தியிடம் கேட்டேன்.

அவர் என் தட்டில் இன்னொரு இடியப்பம் வைத்தார். "இவர் ரோட்டுக்குப் போய்த் திரும்பி வருமட்டும் நான் பல்கனியில நிக்கிறன் அண்ணை. எனக்குப் போகத்தான் விருப்பம். ஆனால் அங்கை இவருக்கு என்ன இருக்கு? யன்னலடியில இருந்து பனியைப் பாத்துக்கொண்டிருப்பார். அந்த மனுசனை நான் பாக்க மாட்டன். ரேஸ் வரட்டும்."

அடுத்த நாள் தனியாகக் கோட்டைப் பக்கம் போகிறேன் என்று பஸ் ஏறி மாட்டிக்கொண்டேன். வழியில் ஒரு சோதனைச் சாவடி. பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினார்கள். வரிசையாக நடந்து, அட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி பஸ்ஸில் ஏற வேண்டும். நானும் இறங்கினேன், கடவுச்சீட்டைக் காட்டினேன், ஏறினேன். ஏறியது வேறு பஸ் என்பது, என் இருக்கையில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. என் பை அந்த முதல் பஸ்ஸில்.

கொழும்பில் அந்தக் காலத்தில் ஆள் இல்லாத பை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். குதித்து ஓடினேன். முதல் பஸ் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தது. பயணிகள் அத்தனை பேரும் எதிர்ப்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பை மட்டும் என் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தது. நான் கையை ஆட்டிக்கொண்டு போய் "என்னுது, என்னுது" என்றேன். ஒரு சிப்பாய் என்னையே அதைத் திறக்கச் சொன்னான். உள்ளே மனைவி கொடுத்தனுப்பிய முறுக்கும் ஒரு துண்டும். நடத்துநர் சிங்களத்தில் என்னவோ கத்தினார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் மொழிபெயர்த்தார்: "தனக்குச் சின்னப் பிள்ளைகள் ரெண்டு இருக்கு எண்டு சொல்லுறார்." முறுக்கை நீட்டினேன். யாரும் எடுக்கவில்லை.  அதற்குப் பிறகு யாராவது கையைத் தூக்கினாலே நான் கடவுச்சீட்டை எடுத்துவிடுவேன்.

இதற்கிடையில் தயாரிப்பு தடபுடலாக நடந்தது. வரப்போகும் அதிகாரியின் பெயர் மிஸ்டர் லிம், பினாங்குக்காரர். ஓடுபாதையை உள்ளூர்க் கார் பந்தயச் சங்கத்தின் பெரிய மனிதர்கள் காட்டுவார்கள். ஒரு நாள் மட்டும் யோகனின் பொறுப்பு. காலையில் ஹோட்டலில் இருந்து கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய் அங்கே பந்தயக் கார்களைத் தயார் செய்யும் கராஜைக் காட்ட வேண்டும். பிறகு வெள்ளவத்தையில் மத்தியானச் சாப்பாடு. மறுபடி ஹோட்டல். இவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நாளில் லிம் கண்ணில் யுத்தம் படக்கூடாது.

யோகன் ஊரையே அறிந்து வைத்திருந்தார். எந்தச் சந்தியில் எப்போது காவல் நிற்கும், எப்போது சாப்பிடப் போவார்கள், எந்தக் குறுக்குத் தெருவில் மணல் மூட்டையே கிடையாது என்றெல்லாம். வண்டியில் ஒரு பெண் இருந்தால் செக்கிங் குறைவு, ஆகவே வசந்தியும் வருவதென்று முடிவானது. ஒத்திகைக்கு நான்தான் லிம். பின் இருக்கையில் ஜம்மென்று உட்கார்ந்தேன்.

"அண்ணை, இடது பக்கம் ஆமிக்காரர் நிண்டால் நான் வலது பக்கம் ஏதாவது காட்டுவன். நீங்கள் அங்கைதான் பாக்கவேணும்."

"நான் பார்ப்பேன். லிம் பார்க்க வேண்டுமே?"

கொட்டாஞ்சேனையில் ஒரு பக்கம் கோயில் கோபுரம், இன்னொரு பக்கம் தேவாலயத்தின் பெரிய கூரை. காட்டுவதற்குப் பஞ்சமில்லை. கடலோரம் வரும்போது கடலையே காட்டிவிடலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடதிலும் காவல், வலதிலும் காவல். யோகன் யோசித்துவிட்டு, "இஞ்சை வசந்தி ரொபி குடுக்கட்டும்" என்றார். அங்கே வரும்போது நான் குனிந்து மிட்டாய் எடுத்துக்கொள்ள வேண்டும். சிரித்தோம். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த யோகனின் கை வியர்த்திருந்தது. ஒவ்வொரு சந்தியிலும் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. லிம் நாங்கள் எதிர்பார்த்தமாதிரி கோட்டு போட்ட ஆளே இல்லை. அரைக்கைச் சட்டை, கையில் தொப்பி, வாய் நிறையச் சிரிப்பு. கொட்டாஞ்சேனையில் மெக்கானிக் செல்வம் காத்திருந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து கொழும்பில் வேரூன்றியவர். "வாங்க சார், இதுதான் நம்ம குதிரை" என்று காரின் மூடியைத் திறந்ததும் லிம் அரைக்கைச் சட்டையையும் சுருட்டிக்கொண்டு உள்ளே கையை விட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. கார்புரேட்டரை வைத்தே மணிக்கணக்கில் பேசினார்கள். மீன் அடைத்த மாலு பணிஸும் பிளேன்டீயும் வந்தன. லிம் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கண்மூடிக் கேட்டார். யோகன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வரும் வழியிலும் எங்களை ஒருவர்கூட மறிக்கவில்லை. இருபக்கமும் காவல் நின்ற அந்த இடத்தில் வசந்தி மிட்டாய்ப் பையை நீட்டினார். லிம் ஒழுங்காகக் குனிந்து சிவப்பா பச்சையா என்று தேடி எடுத்தார். 

வெள்ளவத்தையில் நண்டுக் குழம்பு. லிம் கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் சாப்பிட்டார். பினாங்கிலும் இப்படித்தான், ஆனால் இந்த உறைப்பு இல்லை என்று மூக்கைத் துடைத்தார். என்னைக் காட்டி, இவர் இந்தியாவிலிருந்து ரேஸுக்காகவே வந்தவர் என்றார் யோகன். "பயமாக இல்லையா?" என்று லிம் ஆங்கிலத்தில் கேட்டார். "எதுக்கு?" என்றேன். அப்படி ஒரு நடிப்பை என் வாழ்க்கையில் நான் நடித்ததில்லை. லிம் தலையாட்டினார். "இங்கே வராமலே அட்டவணையை எழுதிவிட்டார்கள். நான் அவர்களிடம் பேசுகிறேன். பேச ஏதோ இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்."

வசந்தி சமையலறைக்குள் போய்விட்டார். போய்ப் பார்த்தால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறார். சந்தோஷமா துக்கமா என்று நான் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

ஹோட்டலுக்குத் திரும்பும்போது எல்லோரும் தளர்ந்து உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்து முறுக்கிக் கட்டிய கயிற்றை அவிழ்த்த மாதிரி இருந்தது. லிம் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். வண்டி ஒரு குறுக்குத் தெருவில் திரும்பியது. வழக்கமாகக் காவல் நிற்கும் இடம், அந்நேரத்தில் நிற்காது என்று யோகன் கணக்குப் போட்டுவைத்திருந்த இடம். அங்கே ஒரு ஆள் ரோட்டின் நடுவுக்கு வந்து சிவப்புக் கொடியைத் தூக்கினான்.

யோகன் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். முன் மூடியைத் திறந்தார், பின்னால் போய் டிக்கியைத் திறந்தார், அடையாள அட்டையை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் வண்டிக் கூரையில் வைத்துத் திரும்பி நின்றார். முன் இருக்கையிலிருந்து வசந்தி இறங்கிக் கைப்பையை அகலத் திறந்து நீட்டினார். நானும் இறங்கியிருந்தேன். கடவுச்சீட்டு என் கையில். கைகள் இரண்டும் தலைக்கு மேலே.

கொடி பிடித்தவன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். அவன் தார் போடும் கூலியாள். பின்னால் ரோடு ரோலர் மெதுவாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அவன் தயங்கித் தயங்கிச் சிங்களத்தில் யோகனிடம் ஏதோ கேட்டான். "வாகனம் பழுதாகிவிட்டதா, தள்ளிவிடவா?" என்றானாம்.

வண்டிக்குள் லிம் மட்டும் உட்கார்ந்திருந்தார். பாட்டு நின்றுவிட்டது.

யோகன் டிக்கியைச் சாத்தினார். முன் மூடியைச் சாத்தக் கொஞ்சம் நேரம் எடுத்தது, கொக்கி சரியாக விழவில்லை. ஏறி உட்கார்ந்தோம். ரோலர் போய் முடிந்ததும் அந்த ஆள் பச்சைக் கொடியை ஆட்டினான்.

ஹோட்டல் வாசலில் லிம் எல்லோருக்கும் கை கொடுத்தார். யோகனிடம், "இன்று முழுக்க நம்மை யாருமே நிறுத்தவில்லை, அல்லவா?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை" என்றார் யோகன்.

லிம் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இந்த ஊர்க்காரர் இல்லையே. இப்படிக் கையைத் தூக்கி நிற்க எப்போது கற்றுக்கொண்டீர்கள்?"

பொய் சொல்லியிருக்கலாம்.  "வந்த பிறகுதான்" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். என்னை வெட்டிப் போட்டிருந்தாலும் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் சங்கத்திலிருந்து போன் வந்தது. இலங்கை இல்லை. அடுத்த வருடமும் இல்லை, அதற்கடுத்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. யோகன் போனை வைத்துவிட்டு பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்துக் கத்தினார். "வெட்டுங்கோடா! ஒரு கோடு போட்டு வெட்டுங்கோ! நாங்கள் என்ன, சண்டையைக் கேட்டு வாங்கினனாங்களோ? உங்களுக்கு இது ஒரு நாடு குறைஞ்ச கலண்டர். எங்களுக்கு?" கீழ் வீட்டு யன்னல் ஒன்று சட்டென்று மூடிக்கொண்டது. வசந்தி ஓடிப்போய், "மெல்ல, மெல்ல, ஆரும் கேட்டால் என்ன நினைப்பினம்" என்று அவரை உள்ளே இழுத்தார். உள்ளே வந்தவர் சத்தமில்லாமல் சொன்னார்: "சரி. அண்ணையை அனுப்பிப்போட்டுக் கையெழுத்து வைக்கிறன்."

 வசந்தி எனக்கு வழிக்கென்று புட்டு அவிக்கப் போனார்.

ஊருக்குத் திரும்பும் நாள் விமான நிலையத்துக்கு மூவரும் போனோம்.  வழியில் ஒரு சோதனைச் சாவடி. இது நிஜமானது. யோகன் இறங்கி டிக்கியைத் திறந்தார். நானும் வசந்தியும் எங்கள் எங்கள் பங்கைச் செய்தோம். வந்தவன் இளம் சிப்பாய், மீசை சரியாக அரும்பவில்லை. அட்டையை வாங்கியவன் பெயரைப் படிப்பதற்கு முன் முன்கண்ணாடியைப் பார்த்தான். அதில் போன பந்தயத்துக் கொடிக்காரர் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. அவன் முகம் மாறியது. துப்பாக்கியைத் தோளில் சரியாக்கிக்கொண்டு சிங்களத்தில் மளமளவென்று பேசத் தொடங்கினான். நான் கடவுச்சீட்டை இன்னும் உயரத் தூக்கினேன். வசந்தி என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். 'அய்யே' என்றால் அண்ணனாம்.

"அய்யே, போன ரேஸில் எனக்கு அங்கேதான் காவல். இரண்டு நாளும் சனத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், திரும்பக் கூடாது என்று உத்தரவு. கார் எல்லாம் என் முதுகுக்குப் பின்னாலேயே போனது. ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. சனத்தின் தலை ஒரே மாதிரி இடமிருந்து வலம் திரும்பும், அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தத்தை வைத்து எந்தக் கார் முன்னால் போகிறது என்று சொல்லுவேன். இந்த முறை லீவு போட்டுவிட்டு வந்து நேராகத் திரும்பி நின்று பார்க்கப் போகிறேன். எப்போது அய்யே?"

யோகன் வண்டிக் கூரையிலிருந்து கையை எடுத்தார். அவன் பக்கம் திரும்பினார். எங்கே கத்திவிடப் போகிறாரோ என்று பயந்தேன்.

"அடுத்த வருசம், மல்லி" என்றார் சிங்களத்தில். மல்லி என்றால் தம்பி என்பது எனக்கே தெரியும். "என்ட வளைவுக்கு வந்து கேள். நான் வேலிக்குக் கிட்ட நிக்க விடுறன்" என்றாராம்.

சிப்பாய் சிரித்தான். டிக்கிக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் தானே அதைச் சாத்திவிட்டு, போகலாம் என்று கையை வீசினான். அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

விமான நிலையத்தின் வெளிவாசலுக்கு அப்பால் வண்டியை விடமாட்டார்கள். பையை இறக்கினோம். வசந்தி அதுவரை பொறுத்திருந்து கேட்டார். "ஏனப்பா அந்தப் பெடியனுக்குப் பொய் சொன்னனீங்கள்? ரேஸ் இல்லையெல்லோ. நாங்களும் இருக்கமாட்டம்."

யோகன் முன்கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரின் ஓரம் பிய்ந்திருந்ததைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"கையெழுத்து வைக்கிறன் வசந்தி. இல்லையெண்டு சொல்லேல்லை" என்றார். "அவன் ஒருக்கா ரேஸ் பக்கம் திரும்பி நிண்டு பாக்கட்டும். பிறகு வைக்கிறன்."